பங்கருக்குள் இறங்க மாட்டாத பிள்ளை

மானிப்பாயில் நாங்கள் தங்கியிருந்த வீட்டின் சொந்தக்காரி, நாங்கள் வந்த முதல் மாதமே கிணற்றடியில் வைத்து என்னிடம் கேட்டார்.

"பிள்ளைக்கு உது தொத்து வருத்தமோ?"

நான் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். மகள் வாழைமரத்தடியில் குந்தியிருந்து இருமிக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு ஏழு வயது.

"இல்லை ரீச்சர். முட்டு. தொத்தாது."

"டொக்டர் சொன்னவரோ?"

"ஓம், சொன்னவர்."

டொக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்டதுமில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு உடனே ஒரு பதில் கொடுக்காவிட்டால் அந்த வீட்டில் இருக்க முடியாது என்று பட்டது. நாங்கள் குருநகர் ஆட்கள். கடற்கரையோரம் முழுக்க ஷெல் விழத் தொடங்கியபோது கையில் அகப்பட்டதைக் கட்டிக்கொண்டு ஊருக்குள்ளே ஓடிவந்தவர்கள். வீட்டுக்காரி இளைப்பாறிய ஆசிரியை, புருஷன் இறந்து பல காலம், பிள்ளைகள் இல்லை. யாரோ சொல்லித் தன் வீட்டின் பின்பக்கத்து அறையை எங்களுக்கு விட்டிருந்தார். கடல்தொழில் செய்கிற கத்தோலிக்க வேதக்காரக் குடும்பத்தை அந்த வளவுக்குள் விட்டது அவருக்கே பெரிய காரியம். அதனால் அவர் தொற்றைப் பற்றிக் கேட்டபோது, கேள்விக்குள் வேறொன்றும் இருக்கிறதென்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்கிற பழக்கம் எங்களுக்கு இருந்தது.

மகளுக்கு முட்டு, அந்த மூச்சிழுப்பு, வருவது புதிதல்ல. குருநகரில் இருந்தபோதும் மாரி காலத்தில் நெஞ்சு இழுக்கும். கைமருந்து கொடுப்போம், போய்விடும். மானிப்பாய்க்கு வந்த பிறகு அது போகவில்லை. கிழமைக்கு ஒரு தடவையாவது, தோள் இரண்டும் காதைத் தொட, வயிறு உள்ளே இழுபட, உட்கார்ந்தபடியே மூச்சுக்குப் போராடுவாள். அப்போது பார்க்கிறவர்கள் எல்லோரும் வைத்தியர்களாகிவிடுவார்கள். மீன் கொடுக்காதே என்றார்கள். இளநீர் கொடுக்காதே என்றார்கள். தலைக்கு வார்க்காதே என்றார்கள். மீனை நிறுத்தச் சொன்னபோது என் கணவர் மட்டும் சிரித்தார். கடலுக்குப் போகத் தடை. வலையைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டுச் சைக்கிளில் விறகு கட்டி விற்றுக்கொண்டிருந்தார். "மீன் எங்கை கிடக்கு, நிப்பாட்டுறதுக்கு?" என்றார்.

ஆசுப்பத்திரியில் விடியவே போய் வரிசையில் நிற்க வேண்டும். டொக்டர் நடுத்தர வயதுக்காரர். சைக்கிளில்தான் வருவார். பெற்றோல் இல்லாத காலம். மோட்டார் சைக்கிள்களும் வான்களும் மண்ணெண்ணெயில் ஓடின. றோட்டெல்லாம் வெள்ளைப் புகை. அதனால் மூக்கில் லேஞ்சியைக் கட்டிக்கொண்டு வருவார். வந்து அதை அவிழ்த்து மேசையில் வைத்துவிட்டு முதல் ஆளைக் கூப்பிடுவார். ஒருவரோடு நின்று கதைக்க அவருக்கு நேரமில்லை. நான் வழி முழுக்கக் கேள்விகளைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போவேன். அவர் முன்னால் இருந்ததும் பாதி மறந்துவிடும்.

"டொக்டர், இது தொத்துமோ?"

"இல்லை அம்மா. உது மூச்சுக் குழாய் சுருங்கிறது. பக்கத்திலை படுத்தாலும் ஒருத்தருக்கும் வராது."

"மீன், இளநீர்?"

"குடுத்துப் பாருங்கோ. குடுத்த உடனை இழுத்தால் விடுங்கோ. இல்லாட்டிப் பிள்ளை சாப்பிடட்டும். மெலிஞ்சு போய்க் கிடக்கு."

"வளர வளரப் போயிடுமோ?"

"கன பிள்ளையளுக்குக் குறையும். உங்கடை பிள்ளைக்குக் குறையுமோ எண்டு இப்ப சொல்லேலாது."

"வாய்க்குள்ளை அடிக்கிற பம்ப் பாவிச்சால் பிறகு விடவே ஏலாதாமே?"

அவர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். "அம்மா, பம்ப் இருந்தால்தானே விடுறதைப் பற்றிக் கதைக்கலாம். மருந்துக் கப்பல் வந்து எத்தினை மாதம்? குளிசையே எண்ணித்தான் குடுக்கிறன்." பிறகு குரலைத் தணித்தார். "பழக்கமாகாது. ஆரும் தந்தால் வாங்கி வையுங்கோ. புகை, தூசி, ஈரம், இந்த மூண்டுக்கும் கிட்டப் பிள்ளையை விடாதேங்கோ."

நான் ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். கரண்ட் இல்லை, இருட்டினால் ஜாம் போத்தலுக்குள் திரி போட்ட விளக்கு. அடுப்பு எரிக்க ஈர விறகு. என் கணவர் கட்டி வரும் விறகில் செம்மண் தூசி. இதில் எதிலிருந்து பிள்ளையைத் தள்ளி வைப்பது? ஆனாலும் செய்யக்கூடியதைச் செய்தேன். விறகை வளவின் வேலியோரம் இறக்கச் சொன்னேன். சமைக்கும்போது அவளை முன் விறாந்தைக்கு அனுப்பினேன். அங்கே இருக்கலாமென்று ரீச்சர்தான் சொன்னார். ஒரு பழைய வாசிப்புப் புத்தகத்தையும் கொடுத்து வாசிக்கச் சொல்வார். அவள் இருமினால் மட்டும் கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்வார்.

அந்த வளவில் ஒரு பங்கர், பதுங்குகுழி, இருந்தது. ரீச்சரின் பெறாமகன், தமக்கையின் மகன், வெளிநாடு போவதற்கு முன் வெட்டிக் கொடுத்தது. பனங்குற்றிகளை அடுக்கி, மேலே மண்மூட்டை போட்டு, நல்ல பலமாக இருந்தது. குருநகரில் நாங்கள் பங்கர் வெட்டியதேயில்லை. முழங்கால் ஆழம் தோண்ட உப்புத்தண்ணீர் வந்துவிடும். சத்தம் கேட்டால் கோயிலுக்குள் ஓடுவோம். அதனால் இந்தப் பங்கரைக் கண்டபோது என் கணவருக்குப் பெரிய ஆறுதல். அதன் படிகளை மண்வெட்டியால் செதுக்கி ஒழுங்காக்கினார்.

குண்டு போட வரும் பொம்மரின் சத்தம் கேட்டு முதல் தடவை இறங்கியபோதே அது மகளுக்கு ஒத்துவராதென்று தெரிந்துவிட்டது. உள்ளே ஈர மண்ணின் மணம், பழைய சாக்கின் மணம். ஒரே ஒரு வாசல். தூரத்தில் குண்டு விழ, குற்றிகளுக்கு நடுவிலிருந்து மண் சொரிந்தது. கொஞ்ச நேரத்தில் மகளுக்கு இழுக்கத் தொடங்கியது. கூரை தலை தட்டும் பதிவு; நிமிர்த்தி இருத்தவும் முடியவில்லை. விமானத்தின் சத்தமும் அவளின் மூச்சின் சத்தமும் ஒன்றாகக் கேட்டன. வெளியே வந்து குளிசை கொடுத்து, முதுகைத் தடவி, அவள் பழையபடி ஆகப் பின்னேரமாகிவிட்டது.

பிறகு ஒவ்வொரு தடவையும் அதுதான். ஈரச் சீலையை மூக்கில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே பனையோலைப் பாய் விரித்துப் பார்த்தேன். ஒன்றும் உதவவில்லை. பிள்ளைக்குப் பொம்மரை விடப் பங்கரில் பயம் வந்துவிட்டது.

ஒரு நாள் காலை சத்தம் கேட்டதும் நாங்கள் பங்கருக்கு ஓட, அவள் மறுபக்கம் ஓடினாள். கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் வரமாட்டன்! அப்பா, நான் இதிலையே நிக்கிறன்!"

என் கணவர் போய் அவள் கையை இழுத்தார். அவள் விடவில்லை. ஓர் அடி போட்டு, தூக்கிக்கொண்டு வந்து உள்ளே இறக்கினார். அவர் பிள்ளைக்குக் கை நீட்டுகிற மனிதரல்ல. விமானம் மிகத் தாழ வந்தது. குண்டு எங்கள் பக்கம்தான் விழுந்தது. பங்கர் முழுக்கத் தூசி. அழுகையோடு தூசியும் சேர்ந்து அவளுக்கு அப்படி ஒரு முட்டு வந்தது. நான் அதுவரை கண்டதில்லை.

விமானம் போனதும் சைக்கிள் பாரில் அவளை இருத்தி, நான் பின்னால் கரியரில் ஏறி, ஆசுப்பத்திரிக்குப் போனோம். பாதி வழியில் என் கணவர் சொன்னார், "சத்தம் குறைஞ்சிட்டுது. சுகமாகுது போலை."

எனக்கும் அப்படித்தான் பட்டது. மாதாவை நினைத்து நன்றி சொன்னேன்.

ஆசுப்பத்திரி வாசலில் காயப்பட்டவர்களை வண்டிலிலும் கதவுப் பலகையிலும் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். "காயமோ?" என்று வாசலில் நின்ற பணியாளர் கேட்டார். "இல்லை, முட்டு" என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. இரத்தம் வராத ஒரு பிள்ளையைக் கொண்டு அந்தக் கூட்டத்துக்குள் எப்படிப் போவது? சுவரோரம் ஒதுங்கி நின்றோம். யாருக்கோ கட்டுப் போட்டுவிட்டு எழும்பிய டொக்டர் எங்களைக் கண்டார். கையைக்கூடக் கழுவாமல் வந்து அவள் நெஞ்சில் குழாயை வைத்தார்.

"எவ்வளவு நேரம் இப்பிடிச் சத்தமில்லாமல் கிடக்கிறாள்?"

"இப்பத்தான் குறைஞ்சது டொக்டர். நல்லம்தானே?"

"இல்லை அம்மா. காத்து உள்ளை போறேல்லை, அதுதான் சத்தமில்லை" என்றபடி அவளைத் தூக்கிக்கொண்டு போனார். அவளின் உதடு நீலம் பாரித்திருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன்.

நரம்பில் ஊசி ஏற்றினார்கள். ஒட்சிசன் வைத்தார்கள். அது காயக்காரருக்கென்று வைத்திருந்த சிலிண்டராக இருக்க வேண்டும், நான் கேட்கவில்லை. மத்தியானத்துக்குப் பிறகு அவளின் நெஞ்சில் இழுப்புச் சத்தம் திரும்பவும் கேட்கத் தொடங்கியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் அழுதேன். என் கணவர் வெளியே சைக்கிளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். நான் போய்ச் சொன்ன பிறகும் எழும்பவில்லை. "நான் அடிச்சுப் போட்டன்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் வீட்டுக்கு விடும்போது டொக்டரிடம் கேட்டேன்.

"டொக்டர், பிள்ளையைப் பங்கருக்குள்ளை இறக்கலாமோ?"

அவர் முகத்தில் நித்திரையில்லாத களைப்பு.

"உதுக்கு எனக்கு மறுமொழி தெரியாது அம்மா. இறக்கினால் முட்டு வரும். இறக்காட்டி..." என்று நிறுத்தினார். பிறகு, "எத்தினை வாசல்?" என்று கேட்டார்.

"ஒண்டு."

"இன்னொண்டு வெட்டேலாதோ? காத்து ஓடினால் முட்டு கொஞ்சம் குறையும். இல்லாட்டி மேலை மூடாத அகழி மாதிரி ஒண்டு வெட்டுங்கோ. நேரை விழுந்தால் ஒண்டும் செய்யேலாது. ஆனால் பக்கத்திலை விழுந்தால் தப்பலாம்."

நான் வந்து ரீச்சரிடம் இரண்டாவது வாசலைப் பற்றிச் சொன்னேன். அவர் சம்மதிக்கவில்லை.

"காத்து வாற வழியாலை ஷெல் துண்டும் வரும். பெறாமகன் கணக்குப் பார்த்து வெட்டினது. அதிலை கை வைக்காதேங்கோ."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. என் கணவர் மாமரத்துக்கு அங்கால் அகழி வெட்டத் தொடங்கினார். ஒரு முழத்துக்குக் கீழே கல். விறகுக்குப் போகாத நேரமெல்லாம் அலவாங்கால் குத்தி உடைத்தார். நெஞ்சளவு ஆழத்தில், நடுவில் ஒரு வளைவோடு அது முடிந்தது. மேலே வானம்தான். அதன் பிறகு பொம்மர் வந்தால் நாங்கள் மூவரும் அகழிக்குள்ளும் ரீச்சர் தனியாகப் பங்கருக்குள்ளும் போனோம். மகள் மேலே பார்த்துக்கொண்டிருப்பாள். முட்டு வரவில்லை. வேறு எதுவும் வரலாமென்பதை நான் அவளுக்குச் சொல்லவில்லை.

சில கிழமைகள் கழித்து, ஒரு நாள் விமானம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே ரீச்சர் பங்கரை விட்டு வெளியே வந்து, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்கள் அகழிக்குள் இறங்கினார். என் கணவர் திகைத்துப் போய்க் கை கொடுத்தார்.

"தனிய இருக்க ஏலாமல் கிடக்கு" என்றார். மகளுக்குப் பக்கத்தில், தோளோடு தோள் முட்ட இருந்தார்.

சத்தம் அடங்கிய பிறகும் அவர் எழும்பவில்லை. என் கணவரும் மகளும் ஏறிப் போய்விட்டார்கள். அப்போது என்னிடம் சொன்னார்.

"எங்கடை அவருக்குச் சயரோகம் வந்தது. கலியாணம் முடிச்ச புதுசு. சயரோக ஆசுப்பத்திரியிலை வைச்சு மருந்து முழுக்க முடிச்சுத்தான் அனுப்பினவை. நான் பயத்திலை கோப்பை, பாய், எல்லாம் வேறையாத்தான் வைச்சனான். பிறகு அவர் மாரடைப்பிலை போகுமட்டும் அப்பிடித்தான். அவரும் ஒண்டும் சொல்லேல்லை." மண்ணைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "மருந்து முடிச்ச பிறகும் தொத்துமோ பிள்ளை? உம்மடை டொக்டரைக் கேட்டுச் சொல்லுறீரே?"

அந்த வயதிலும் அவர் இதை யாரிடமும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சுகாதாரம் படிப்பித்தவர்.

அடுத்த கிளினிக்கில் கேட்டேன். "ஒழுங்கா மருந்து எடுத்தால் கொஞ்சக் கிழமையிலையே தொத்துறது நிண்டிடும்," என்றார் டொக்டர். "முழுக்க முடிச்ச ஆள் எண்டால் பயப்பிட ஒண்டுமில்லை. ஆருக்கு அம்மா?"

"தெரிஞ்ச ஆளுக்கு."

வீட்டுக்கு வரும் வழியில் என்ன சொல்வதென்று யோசித்தேன். இல்லாத பதிலை ஒரு தடவை சொன்னதுண்டு. 'தொத்தும், நீங்கள் செய்தது சரி' என்று இன்னொரு தடவையும் சொல்லலாம். இவ்வளவு காலத்துக்குப் பிறகு ரீச்சருக்கு உண்மையால் என்ன ஆகப் போகிறது? ஆனால் அவர் படலையடியிலேயே நின்றார். முகத்தைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. டொக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"அப்ப மருந்து முடிஞ்ச அண்டைக்கே..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். உள்ளே போய் அறைக் கதவைச் சாத்தினார். அன்று அவர் சமைக்கவில்லை. நான் கொண்டுபோய் வைத்த புட்டை மறுநாள் எடுத்துக் காகத்துக்குப் போட்டேன். பிறகு அவர் அதைப்பற்றிக் கதைக்கவேயில்லை. ஆனால் விமானம் வந்தால் பங்கருக்குப் போகாமல் எங்களோடுதான் வந்து இருந்தார். மகளுக்கு மூச்சு ஏறினால், நான் சொல்வதற்கு முன்னமே முதுகை நிமிர்த்திப் பிடித்துக்கொள்வார்.

மாரி வந்ததும் அகழிக்குள் தண்ணீர் நின்றது. வாளியால் அள்ளி ஊற்றுவோம். அடுத்த மழையில் திரும்பவும் நிறையும். கால்களைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு, சாக்கை முக்காடாகப் போட்டுக்கொண்டு நால்வரும் இருப்போம். ஈரத்தால் மகளுக்கு இருமல் கூடியது. குளிசை கிடைத்த மாதம் சமாளித்தோம். கிடைக்காத மாதம் கோப்பித் தண்ணீரைக் கொடுத்து, நிமிர்த்தி வைத்துக்கொண்டு இருந்தோம்.

அந்த மாரி முடிவதற்குள் டொக்டர் மாற்றலாகிப் போய்விட்டார். கொழும்புக்கு என்றார்கள் சிலர், வெளிநாட்டுக்கு என்றார்கள் சிலர். அவர் கதிரையில் ஓர் இளம் டொக்டர் இருந்தார். மகளின் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "எத்தினை வயசிலை அம்மா தொடங்கினது?" என்று கேட்டார். எனக்குப் பின்னால் வரிசை வாசல் வரைக்கும் நின்றது. நான் மகளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.