மடித்த தாளில் இருந்த ரேட்

போன வருஷம் மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் திருவொற்றியூரில் நடந்தது இது. எர்ணாவூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் கட்ட டெண்டர் வந்திருந்தது. இருபது வருஷமாகப் பெரிய காண்ட்ராக்டர்களுக்குக் கீழே வேலை செய்தவன், முதல் தடவையாக என் சொந்தப் பெயரில் டெண்டர் போடுகிறேன். கிடைக்காவிட்டால் என்னை நம்பியிருக்கும் எட்டு ஆட்களையும் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டியதுதான்.

இப்போது பெட்டியில் கவர் போடுகிற கதையெல்லாம் இல்லை, எல்லாம் ஆன்லைன். எங்களுக்கோ மவுஸைப் பிடிக்கவே வராது. அதனால் எங்கள் பக்கத்துச் சின்ன காண்ட்ராக்டர்கள் எல்லோரும் ஒரே கம்ப்யூட்டர் கடைக்குத்தான் போவோம். கையெழுத்துக்குப் பதிலாகச் செருகுகிற பென்டிரைவைக்கூட அங்கேயே கொடுத்து வைத்திருப்போம். கடை நடத்தும் பெண் அதையெல்லாம் ஆணியடித்து வரிசையாக மாட்டி வைத்திருப்பார். போட்டிக்காரர்கள் அத்தனை பேருடைய சாவியும் ஒரே சுவரில்! இந்தப் பெண்ணுக்கு எத்தனை ரகசியம் தெரிந்திருக்கும் என்று எனக்கு ஒரே குறுகுறுப்பு.

ஆனால் அவரோ மற்றதையெல்லாம் அடித்துக் கொடுப்பார், விலையை மட்டும் தொட மாட்டார். “ரேட்டு நீயே அட்ச்சுக்கோண்ணா. நான் பாக்க மாட்டேன்” என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். அன்றைக்கும் அப்படித்தான். நான் ஒற்றை விரலால் தட்டித் தட்டி அனுப்பி முடித்தேன். அதன் பிரதியைக் குப்புறக் கவிழ்த்தபடியே கையில் கொடுத்தார்.

எனக்கு அடுத்து உட்கார்ந்தவர் காத்திவாக்கத்துக்காரர், அதே பள்ளிக்கூடச் சுவருக்குப் போட்டி போடுபவர். டைரியில் கிழித்த தாள் ஒன்றை மடித்துக் கையில் வைத்திருந்தார். அதில்தான் ரேட் இருக்கிறது! அப்படி என்னதான் போட்டிருக்கிறார்? நான் போகாமல் அவர் பின்னால் நின்று கழுத்தை நீட்டினேன்.

“அங்க இன்னாண்ணா பாக்குற? உன் பேப்பர்ல கடைசி வரியப் படி, மொத்தம் சரியானு நீதான் பாக்கணும்” என்றார் கடைக்காரப் பெண்.

படித்தேன். மொத்தத் தொகை கோடிக்கணக்கில் இருந்தது. எங்கள் வழக்கத்தில் அஸ்திவாரத்துக்கு இவ்வளவு, சுவருக்கு இவ்வளவு என்று மொத்தமாகத்தான் பேசுவோம். அந்த மொத்தத்தையே, ஒரு மீட்டருக்கு விலை கேட்ட கட்டத்தில் அடித்திருக்கிறேன். கம்ப்யூட்டர் அதை மீட்டர் கணக்கால் பெருக்கிவிட்டது. மூன்று மணியோடு டெண்டர் முடிகிறது, அதற்குள் திருத்தி மறுபடி அனுப்பினால்தான் உண்டு. அப்போது மணி இரண்டு முப்பத்தைந்து.

“ஐயையோ, போச்சே!” என்று கத்திவிட்டேன். காத்திவாக்கத்துக்காரர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். சட்டென்று எழுந்தார்.

“இன்னா நைனா, தப்பா பூட்ச்சா? நீ உக்காந்து மாத்து மொதல்ல. என்னுது அஞ்சு நிமிஷ வேலதான்.”

நான் திருத்தி அனுப்பி முடிக்க இரண்டு ஐம்பத்து மூன்று ஆகிவிட்டது. கடைசி நேரத்தில் ஊரே அனுப்புமில்லையா, நெட் இழுத்துக்கொண்டே போனது. அவர் உட்கார்ந்தார். ஒரு சான்றிதழ் ஏறும்போது பாதியில் நின்றது, நின்றதுதான். மூன்று மணி அடித்ததும் திரை மூடிக்கொண்டது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவரோ, “உடுபா, இதுக்கின்னா பேஜாரு” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அந்த மடித்த தாள் மேஜையிலேயே கிடந்தது. பிரித்தால் தெரிந்துவிடும். கையில் எடுத்தேன். அரை மணிக்கு முன்னால் அதைப் பார்க்கத்தானே துடித்தேன்? பிரிக்க மனசு வரவில்லை. அப்படியே டீக்கடைக்கு எடுத்துப்போய்க் கொடுத்தேன்.

“பாத்தியா?” என்றார்.

“இல்ல.”

“நம்பிட்டேன், போ” என்று சிரித்தபடி அதைக் கிழித்துப் போட்டார்.

டெண்டர் எனக்கே கிடைத்தது. சுவரும் எழும்பிவிட்டது. அவருடையதும் போயிருந்தால் எனக்குக் கிடைத்திருக்குமா? பதில் அந்தத் தாளோடு போய்விட்டது. ஆனால் அந்தச் சுவர் ஓரமாகப் போகும்போதெல்லாம், அதில் பாதியை அவர்தான் கட்டினார் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.