லிஸ்பன் வானத்து நீலம்

என் கட்டிலுக்கு அடியில் இருக்கும் லிஸ்பன் துறைமுகப் படத்தில் வானம் இன்னும் பளிச்சென்ற நீலம். ஆபீஸ் விட்டுக் கால் வலியோடு வந்து, அதை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி துணியில் சுற்றி வைக்கிறேன். அத்திம்பேர் சேர்த்த படங்களில் நிறத்தோடு மிச்சமிருப்பது இது ஒன்றுதான்.

தொண்ணூறுகளில் தில்லி சரோஜினி நகர் சர்க்கார் குவார்ட்டர்ஸில் அக்கா வீட்டில் தங்கித்தான் நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அக்காவின் கணவர், எனக்கு அத்திம்பேர், ஓர் அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் கறிகாய் வாங்கப் போனால் இவர் தரியாகஞ்ச் பழைய புத்தக நடைபாதைக்குப் போவார். சாணக்யபுரியில் ஊர் திரும்பும் தூதரகக்காரர்கள் வீட்டுச் சாமான்களை விற்றால் அங்கேயும் போய் நிற்பார். அவர் தேடியது ஒன்றைத்தான்: இருநூறு வருஷத்துக்கு முன் பாரிஸில் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்த ஊர்க்காட்சிகள். செதுக்கியவர்களில் பலர் அந்த ஊர்களைப் பார்த்ததே இல்லை, தங்கள் கடைத்தெருவை விட்டு நகராமல் யாரோ வரைந்ததைப் பார்த்துச் செதுக்கினார்கள் என்று சொல்லும்போது, உறவுக்காரர்களைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கும். அவரும் தில்லியையும் கும்பகோணத்தையும் தவிர ஊர் பார்த்ததில்லை. தகட்டில் வந்தது கோடு மட்டும்; நிறம் பிறகு கையால் பூசியது. பூசியவர்களுக்கு அவசரம். லிஸ்பனானாலும் வெனிஸானாலும் வானத்துக்கு ஒரே நீலம்.

ஒரு படம்கூடப் பெட்டியை விட்டுச் சுவருக்கு வரவில்லை. "சர்க்கார் சுவர்டா. இன்னிக்கு ஆணி அடிச்சா நாளைக்கே வேற குவார்ட்டர்ஸ் அலாட் ஆகும். சொந்த வீடு வரட்டும்" என்பார். "பெட்டிக்குள்ளேயே குடித்தனம் பண்றது உங்க பாரிஸ்" என்று அக்கா குத்துவாள். தில்லியில் எங்கள் ஜனம் முழுக்க அப்படித்தான் வாழ்ந்தது. நல்ல பாத்திரம், நல்ல புடவை, நல்ல நாற்காலி எல்லாம் ரிடையர் ஆனபின் வரப்போகும் வீட்டுக்கு.

வீடு வந்தது, தில்லி ஓரத்துத் துவாரகாவில், மூன்றாம் மாடியில். ஹாலில் பால்கனிக்கு எதிர்ச்சுவர் முழுக்கப் படங்களை மாட்டினார். இடம் போதாமல் லிஸ்பன் மட்டும் பெட்டியிலேயே தங்கியது. பக்கத்து வீட்டு சர்தார்ஜி "அச்சா, அச்சா" என்று தலையாட்ட, காபியை ஆறவிட்டு அவருக்கு ஊர் ஊராகக் காட்டினார். அத்திம்பேரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

பால்கனி மேற்குப் பார்த்தது. சாயங்கால வெயில் நேரே அந்தச் சுவரில்தான் விழும். தினம் பார்க்கிற கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. சில கோடைகள் போனபின் ஒருநாள் நான் லிஸ்பனை எடுத்துப் பக்கத்தில் பிடித்தபோதுதான் தெரிந்தது. சுவரில் இருந்த ஊர்களின் வானமெல்லாம் கஞ்சித்தண்ணீராகியிருந்தது. கோடுகள் மட்டும் அப்படியே இருந்தன.

"ஏன்னா, கழட்டிப் பெட்டியில வச்சுடுங்கோ. மிச்சமாவது தங்கட்டும்" என்றாள் அக்கா.

அத்திம்பேர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "பெட்டியில நன்னாத்தான் இருந்தது. நான்தான் பாக்கலை. இருக்கட்டும்."

திரைச்சீலைகூடப் போடவிடவில்லை. கடைசிவரை அந்தச் சுவருக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தார்.

அவர் போனபின் அக்கா லிஸ்பனை என்னிடம் கொடுத்தாள். எனக்கும் இப்போது சொந்தச் சுவர் இருக்கிறது. ஆணியும் வாங்கியாயிற்று. நாளைக்கு அடிக்கலாம், இன்று களைப்பு என்று தள்ளிக்கொண்டே வருகிறேன். களைப்பு மெய்தான், ஆனால் அதைவிடப் பெரிது பயம். அத்திம்பேர் தாங்கியதைத் தாங்க எனக்குத் தெம்பில்லை. இன்றும் துணியைச் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். நீலம் பத்திரமாக இருக்கிறது, யாரும் பார்க்காமல்.