போதகர் முடிக்காத ஜெபம்

போதகர் ஜெபம் பண்ணியே புல்டோசரை நிறுத்திவிட்டார் என்று ஊரெல்லாம் பேச்சு. மீன்கடைக்காரர் சொன்னபோது இயந்திரம் நின்றதோடு சரி. முடிதிருத்துபவர் வாயில் அது தானாகவே பின்வாங்கியது. தையல்காரரிடம் வந்து சேர்வதற்குள் முழங்கால் போட்டுவிட்டது. புல்டோசருக்கு முழங்காலா? இனி விசாரிக்காமல் விடக்கூடாது.

விசாரித்ததில் அற்புதம் எதுவும் அகப்படவில்லை. அகப்பட்டது போதகர்தான்.

மனுஷர் முதலில் ஊழியம் பார்த்தது பணக்காரச் சபையில். “உங்கள் வீட்டு வேலைக்காரிக்கு ஞாயிற்றுக்கிழமை உண்டா?” என்று பிரசங்கத்தில் ஒருநாள் கேட்டுவைத்தார். சாக்கடைக்கரைச் சபைக்குத் தூக்கியடித்தார்கள். பதவி உயர்வு கிடைத்தவர்போலப் பெட்டியைக் கட்டினார். அன்றிலிருந்து குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, விதவை பென்ஷன் என்று அவர் ஏறாத அலுவலகம் இல்லை. வெள்ளை அங்கி வாசலில் தெரிந்தாலே குமாஸ்தாக்களுக்குத் திடீரென்று வெளிவேலை வந்துவிடும்.

“பைபிளைவிட மனுவைத்தான் அதிகமா தூக்குறீங்க” என்பார் மனைவி.

“மனுவும் ஜெபம்தாம்மா. என்ன, நகல் எடுத்து வச்சுக்கணும்.”

அந்தச் சாக்கடைக்கரை வீடுகளை இடிக்கத்தான் புல்டோசர் வந்தது. வழக்கு முடியும்வரை இடிக்கக்கூடாதென்று நீதிமன்றத்தில் தடை உத்தரவு வாங்கியாகிவிட்டது. ஆனால் அதைக் கையில் வைத்திருந்த வக்கீல், அதாவது போதகரின் கொழுந்தியாள், போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொண்டாள்.

“அத்தான், நான் வர்ற வரைக்கும் எப்படியாச்சும் இழுத்துப் பிடிங்க!” என்று போனில் கத்தினாள்.

இழுப்பது அவருக்குக் கைவந்த கலை. அவர் பிரசங்கத்தில் தூங்கி எழுந்து மறுபடியும் தூங்கியவர்களே அதற்குச் சாட்சி.

புல்டோசர் ஓட்டுநர் அவருடைய சபைக்காரர். தலையைச் சொறிந்தார். “தப்பா நினைக்காதீங்க ஐயா. மேலிடத்து உத்தரவு.”

“உன்மேல என்னப்பா தப்பு? வேலைக்கு முன்னாடி ஒரு சின்ன ஜெபம் பண்ணிடுவோம்.”

ஓட்டுநர் இறங்கித் தொப்பியைக் கழற்றிக் கண்ணை மூடினார். ஆமென் விழும்வரை அசையக்கூடாது என்பது அந்தச் சபையில் தாய்ப்பாலோடு ஊறிய பழக்கம். இடிக்க வந்த அதிகாரியும் தலையைக் குனிந்தார். அவர் மாமியார் அதே சபையின் பாடகர் குழுவில் இருந்தார். விஷயம் வீட்டுக்குப் போனால் வம்பு.

ஓட்டுநருக்காக, அவர் பிள்ளைகளுக்காக, டீசல் டேங்குக்காக என்று ஜெபம் நீண்டது. பிறகு வீடு வீடாக நுழைந்தது. அதிகாரி இருமினார், அவருடைய நெஞ்சுச்சளிக்குத் தனியாக ஒரு சுற்று. பின்னால் யாரோ பாத்திரங்களை அவசரமாக மூட்டை கட்டும் சத்தம் போதகர் காதில் விழுந்தது. குரலை இன்னும் உயர்த்தினார்.

“ஐயா, ஆமென் சொல்லுங்களேன்” என்று அதிகாரி கிசுகிசுத்தார்.

“கண்ணை மூடுங்க தம்பி. இன்னும் உங்க மாமியாருக்கு வரலை.”

மாமியாரின் மூட்டுவலியில் ஜெபம் ஊர்ந்துகொண்டிருந்தபோது, செருப்பைக் கையில் பிடித்தபடி கொழுந்தியாள் ஓடிவந்தாள். “தடை! தடை!” என்று காகிதத்தை ஆட்டினாள். அதிகாரி படித்தார், பெருமூச்சுவிட்டார், வண்டியைத் திருப்பச் சொன்னார். தெருவே ஆர்ப்பரித்தது. அந்த அமளியில் ஜெபத்தை முடிக்க யாருக்கும் தோன்றவில்லை.

ஓட்டுநர் மட்டும் ஞாயிறுதோறும் ஆலய வாசலில் மறிக்கிறார். “ஐயா, அந்த ஆமென் இன்னும் பாக்கி. பாதி ஜெபத்தோட வண்டியில ஏற பயமா இருக்கு.”

“தீர்ப்பு வரட்டும்பா, சேர்த்துச் சொல்லிடுறேன்” என்கிறார் போதகர்.

வழக்கை மறுபடியும் தள்ளிவைத்திருக்கிறார்கள்.