மதலைமுத்து மாமாவின் தொண்டைக் குழாய்

மதலைமுத்து மாமா செஞ்சிக்கு மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றும் வண்டிக்காரர். பந்தியில் மூன்றாம் முறை சோறு கேட்கக்கூடக் கூச்சப்படாதவர். அவருக்குத்தான் சோறு இறங்கும் வழியில் புற்று வந்தது. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி அனுப்பினார்கள். “இது கஞ்சிக்கு வழி விடும், நோயைத் தீர்க்காது” என்று டாக்டர், மாமாவின் மனைவி அமலோற்பவம் அத்தையிடம் தனியாகச் சொன்னாராம். அத்தை அதைத் தெருவில் எல்லோரிடமும் தனித்தனியாகச் சொன்னாள்.

எதையும் கூழாக மென்றுதான் விழுங்க வேண்டும். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர். அடைத்தால் சோடா. தலைமாட்டை உயர்த்திப் படுக்காவிட்டால் தின்றது திரும்பி வரும். மாமா எல்லாவற்றுக்கும் கட்டுப்பட்டார். ஆனால் மாட்டுக்கொட்டகையில், சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் சாப்பிட்டார்.

“இன்னாடா வேடிக்க, காஸ்பரு? போடா” என்று என்னை விரட்டுவார்.

“மாட்டுக்கு மட்டும் காட்டுறியே மாமா, எனக்குக் காட்டக் கூடாதா?”

சிரிக்கமாட்டார். தட்டைத் துண்டால் மூடுவார்.

ஒரு ஞாயிறு பூசையில் நன்மை வாங்கியபோது, சாமியார் நாக்கில் வைத்த அந்த அப்பம் குழாய் வாயில் ஒட்டிக்கொண்டது. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். எங்கள் சனம் நன்மையைப் பல்லில் படவிடாது. அதற்கு முன் பச்சைத் தண்ணீரும் குடிக்காது. தண்ணீர் குடிக்கலாம் என்று சாமியார் பிரசங்கத்தில் சொல்லி வருஷங்கள் ஆகிவிட்டன. சாமியாரைவிடத் தங்களுக்கு வேதம் அதிகம் தெரியும் என்பது எங்கள் தெருவின் எண்ணம். மாமாவும் அந்தத் தெருக்காரர்தானே. காய்ந்த தொண்டையோடு போனார், மாட்டிக்கொண்டார். அதன்பின் நன்மை வாங்கவே இல்லை.

“நன்மை வாங்கமாட்டேங்கிறான்னா இன்னா பாவம் பண்ணானோ!” என்றாள் கிணற்றடியில் ராயம்மாள்.

அந்தச் சமயத்தில்தான் மகள் ஜோசப்பினுக்குக் கல்யாணம் கூடியது. பெண்ணின் அப்பன் நன்மை வாங்காமல் நின்றால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்? வாங்கி, அவர்கள் முன்னால் கக்கிவிட்டால்?

“எனக்குக் காய்ச்சல்னு சொல்லிடுங்க” என்றார் மாமா.

“நீ வரலன்னா நானும் கோயிலுக்கு வரல நைனா” என்று ஜோசப்பின் அழுதாள்.

நான் சாமியாரிடம் கேட்டு வந்தேன். “தண்ணி குடிக்கலாமாம் மாமா. துண்டு அப்பம் போதுமாம்.”

“உன் பேச்ச எவன்டா நம்புவான்?”

என் யோக்கியதை அப்படி. கடைசியில் சாமியாரே வீட்டுக்கு வந்து சொன்னார்.

கல்யாணத்தன்று மாமா கோயிலுக்குப் பின்னால் ஒளிந்து தண்ணீர் குடித்தார். நகத்தளவு அப்பம் வாங்கினார். இறங்கிவிட்டது. என் பக்கத்தில் வந்து முழங்காலிட்டார். கோயிலே மௌனமாக இருந்தது. அந்தக் குழாய்க்கு மூடி கிடையாதே! வயிற்றுக் காற்று களகளவென்று மேலேறி, பெரிய ஏப்பமாக வெளியே வந்தது. மாப்பிள்ளையின் தாய் திரும்பினாள். மாமாவின் தலை மார்புக்குள் புதைந்தது.

நான் காற்றை விழுங்கி, அதைவிடப் பெரிதாக ஒன்று விட்டேன். பிறகு இன்னொன்று. எல்லாக் கண்ணும் என் பக்கம் வந்தது. உபதேசியார் என் காதைத் திருகி வெளியே இழுத்துப் போனார்.

பூசை முடிந்ததும் கூட்டத்தின் நடுவில் மாமா என் சட்டையைப் பிடித்தார். “கோயிலுக்குள்ள ஏப்பம் வுடுறியா, வெக்கங்கெட்ட நாயே! ரெண்டு மூணு தடவ வேறயா!” மாப்பிள்ளை வீட்டார் காதில் விழும்படி வைதார். வைது முடிக்கும்வரை என் முகத்தை ஒரு தரமும் பார்க்கவில்லை.

நானும் தலையைக் குனிந்துகொண்டேன்.