மந்தைவெளிக்கு வந்த பனிவண்டி

ஸ்கூட்டரை நிறுத்தும்போது அப்பா தெருவை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்பி என்ஜினை அணைக்கிறார் என்று நீங்கள் ரெண்டு பேரும் கேலி செய்கிறீர்கள். "யாருப்பா வரப்போறாங்க?" என்று சின்னவள் நேற்றும் கேட்டாள். வாயால் சொன்னால் எனக்குக் கோர்வையாக வராது. அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் பயமாக இருந்தாலும் கடைசி வரை படியுங்கள்.

நம் மெக்கானிக் ஷெட் இருக்கிற சந்துக்குள் ஒருநாள் ஒரு மினி லாரி வந்தது. சினிமாவுக்குப் பழைய வண்டிகளை வாடகைக்கு விடுகிற கோடம்பாக்கத்துக்காரர் முன்னால் உட்கார்ந்திருந்தார். தார்ப்பாயை இழுத்ததும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. முன்சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் ரெண்டு சறுக்குக் கட்டைகள். பின்னால் சக்கரமே இல்லை. பீரங்கி வண்டிக்கு இருப்பதுபோல அகலமாக ஒரு ரப்பர் பட்டை.

"இன்னா நைனா இது, படகா?" என்றேன்.

"பனியில ஓட்ற வண்டி நைனா. பட்டாளத்து ஏலத்துல வந்த பழைய சரக்கு. படத்துல ஒரு சீன் கீது. உப்பையும் தெர்மோகோலையும் கொட்டி மலை பண்ணப் போறாங்கோ. நீ ஓட வெச்சுக் குடு."

"மந்தைவெளி வெயில்ல பனிவண்டி! முதல்ல இதை ஐஸ்பெட்டியில வெச்சுக் கேக்கணும், எப்டிப்பா கீறன்னு."

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். திறந்து பார்த்தால் பயப்பட ஒன்றும் இல்லை. நம்முடைய பழைய ஸ்கூட்டர் என்ஜினுக்குப் பெரியண்ணன், அவ்வளவுதான். பெட்ரோல் குழாய்கள் காய்ந்து முறுக்கு மாதிரி ஒடிந்தன. கார்புரேட்டருக்குள் பழைய பெட்ரோல் வெல்லப்பாகாக உறைந்து கிடந்தது. ஊறவைத்து, ஒவ்வொரு துளையையும் மெல்லிய கம்பியால் குத்தி எடுத்தேன். பின்பக்கம் ஒரு கொக்கி இருந்தது. அடிபட்டவர்களைப் படுக்க வைத்து இழுத்துப்போகிற பலகையை அதில் மாட்டுவார்களாம். சீட்டுக்கு அடியில் ஈரக் கம்பளி வாடை. வெயிலில் காய வைத்தும் அது போகவே இல்லை.

முதல்தரம் ஓட்டிப் பார்த்தது ஒரு மத்தியானம். பட்டை தரையில் படாமல் மரக்கட்டை கொடுத்துத் தூக்கி நிறுத்தினேன். ஜெனரேட்டருக்கு இழுப்பதுபோல் கயிற்றை இழுத்தேன். இருமியது. இன்னும் ரெண்டு இழுப்பு. சந்தே அதிர்ந்தது, காக்காயெல்லாம் பறந்துவிட்டது. ஆனால் அது குளிர்காற்றில் ஓடப் பிறந்த என்ஜின். நம் ஊர் வெயிலில் அதிக நேரம் விட்டால் பிஸ்டன் சூட்டில் இறுகி நின்றுவிடும். அணைக்கக் கையை நீட்டினேன்.

என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

எதிர் ஃபிளாட் வாட்ச்மேன். நீங்கள் மிலிட்டரி தாத்தா என்று கூப்பிடுவீர்களே, ஸ்கூல் போகும்போது உங்களுக்கு சல்யூட் அடிப்பாரே, அவர்தான். விருதுநகர் பக்கத்துக்காரர். ரெண்டு விரலுக்கு நுனி கிடையாது. "பனி கடிச்சுத் தின்னுருச்சு" என்று உங்களைச் சிரிக்க வைப்பார். அன்றைக்கு அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"அணைக்காதீங்க அண்ணாச்சி. ஆள் வெளிய இருக்காங்க."

நானும் திரும்பிப் பார்த்தேன். சந்தில் யாருமே இல்லை. சாக்கு போட்டு மூடிய இளநீர் வண்டி மட்டும் நின்றது. அவர் அதையும் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். என்ஜினில் சூட்டு வாடை வந்துவிட்டது. இடது கையால் சுவிட்சை அமுக்கினேன். சத்தம் நின்றதும் என் கையை விட்டார். விறுவிறுவென்று தன் ஃபிளாட் கேட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் டீக்கு வரவில்லை. நானே டீயை எடுத்துக்கொண்டு போனேன். ஸ்டூலில் உட்கார்ந்து டம்ளரை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவராகவே சொன்னார்.

"பனிக்காத்து வீசுச்சுன்னா ஒரு இருட்டு வரும் அண்ணாச்சி. வெள்ளை இருட்டு. கண்ணைத் தொறந்தாலும் மூடுனாலும் ஒண்ணுதான். யாராச்சும் வெளிய மாட்டிக்கிட்டா, கேம்புல இந்த வண்டிய நின்ன இடத்துலயே ஓட விட்டுருவோம். அந்தச் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டு நடந்து வரணும். அதுதான் வழக்கம்."

"உங்காளு யாராச்சும்..."

"என் கூட்டாளி. ராவெல்லாம் ஓட விட்டோம். பெட்ரோல் கொஞ்சந்தான் மிச்சம், நாளைக்கு வேணும், நிப்பாட்டுன்னு ஆர்டர். நான்தான் சுவிட்ச்ச அமுக்குனேன்."

"அவரு கிடைச்சாரா?"

"எங்க கிடைக்க?" டீ ஆறிக்கொண்டிருந்தது. "இது அதே வண்டியான்னு தெரியல. சத்தம் அதேதான். அவன் இன்னும் நடந்துக்கிட்டே இருக்கான்னு வைங்க. நேத்து கேட்டிருக்கும்ல? பாதியில மறுபடியும் நிப்பாட்டிட்டமே."

 அதற்கப்புறம் சந்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வேலை செய்ய முடியவில்லை. சந்து முனையில் யாரோ நின்று காது கொடுப்பதுபோலவே இருக்கும். திரும்பினால் சுவரில் சாத்திய சைக்கிள் இருக்கும். வண்டியை நான் மறுபடி ஸ்டார்ட் பண்ணவே இல்லை.

லாரி வருகிற நாள் வந்தது. ஏற்றுவதற்கு முன் டேங்கில் பெட்ரோல் இருக்கக் கூடாது. கார்புரேட்டரையும் காலியாக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி பாகு கட்டும். வழக்கமாகக் கழற்றிக் கொட்டிவிடுவேன். அன்றைக்குத்தான் ஒரு யோசனை தோன்றியது. டேங்கில் அடியில் கொஞ்சம் விட்டுவிட்டு மிச்சத்தை வடித்தேன். ஷெட்டில் இருந்த பெரிய ஃபேனை என்ஜினுக்கு முன்னால் வைத்தேன். மிலிட்டரியைக் கூப்பிட்டேன்.

"நீங்க உக்காருங்க. இருக்குறது தீர்ற வரைக்கும் ஓடட்டும். யாரும் அணைக்க வேணாம்."

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஏறி உட்கார்ந்தார். கயிற்றை இழுத்தேன். என்ஜின் ஓட ஆரம்பித்தது. கோடம்பாக்கத்துக்காரர் லாரியிலிருந்து கத்தினார்: "யாருக்கு நைனா வெயிட் பண்றீங்கோ?" நான் ஃபேனை இன்னும் கிட்டே தள்ளி வைத்தேன். சந்து முழுக்க நீலப்புகை. சந்து முனை தெரியவில்லை. மிலிட்டரி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய் தீர்கிற விளக்கு கடைசியில் ஒருதரம் பெரிசாக எரியுமே, அதேபோல சத்தம் சட்டென்று மேலே ஏறியது. அப்புறம் தானாக நின்றது.

அவர் உடனே இறங்கவில்லை. காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். புகை கலைய ஆரம்பித்தது. பிறகு மெதுவாக இறங்கி எதிர் ஃபிளாட்டுக்குப் போனார். பெரிய கேட்டின் ரெண்டு கதவையும் அகலத் திறந்து, விறைப்பாக ஓரமாக நின்றார்.

கார் எதுவும் வரவில்லை. ஒரு ஆள் நடந்து உள்ளே போகிற நேரம் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் மூடினார்.