பின்வரிசையில் இருந்த வெள்ளைச் சட்டைக்காரர்

நகரத்தில் புதிய கலாசார மண்டபம் திறக்கவிருந்தபோது, தொடக்க விழாவுக்கு ஒரு நாடகம் தரும்படி பிரதேச சபைத் தவிசாளர் என்னைக் கேட்டார். நான் பாடசாலையில் நாடகம் படிப்பிக்கிறவள். விசுவமடுவிலிருந்து தோட்டம் செய்கிற சில பெண்களைச் சேர்த்தேன். குடிதண்ணீர்க் குழாய் கேட்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்த தங்கள் கதையையே அவர்கள் நடித்தார்கள். அதில் ஒரு பிரமுகர் வருவார். மாலை போட்டால்தான் கண் திறப்பார். அந்த இடத்தில் சிரிப்பை அடக்க முடியாமல் ஒத்திகையே நின்றுபோகும்.

ஒருநாள் மண்டபத்தில் ஒத்திகை நடக்கும்போது பின்வரிசைக் கதிரையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் இருந்தார். யாருடனும் பேசவில்லை. கைபேசியை நெஞ்சுக்கு நேரே பிடித்திருந்தார். மறுநாளும் வந்தார். பெண்களின் குரல் தானாக இறங்கியது. "சி.ஐ.டி.தான்" என்று ஒருத்தி காதுக்குள் சொன்னாள். எங்கள் பக்கத்தில் தெரியாத ஆள் சும்மா இருந்தால் முதலில் வருகிற நினைப்பு அதுதான். யார் தகவல் கொடுத்தது என்று ஒருவரையொருவர் பார்க்கத் தொடங்கினோம். மாலை போடுகிறவளாக நடித்த பெண்ணின் கணவர், போர் முடிந்தபின் புனர்வாழ்வு முகாமில் அடைக்கப்பட்டுத் திரும்பியவர். அவள் அடுத்த ஒத்திகைக்கு வரவில்லை.

அன்று பின்னேரம் தவிசாளர் என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சர், அந்த மாலை போடுற காட்சியை எடுத்துவிடுங்கோ. மேலிடத்திலை இருந்து பாக்கினம்."

"ஆர் பாக்கினம், ஐயா?"

"அதைச் சொல்லேலாது. உங்கடை நன்மைக்குத்தான் சொல்லுறன்."

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் முழு நாடகத்தையும் விட்டுவிட்டு மேலிடம் மாலையை மட்டும் ஏன் பிடித்தது என்று வீடு வரும்வரை யோசித்தேன்.

அடுத்த ஒத்திகையில் தேத்தண்ணியோடு நேரே பின்வரிசைக்குப் போனேன்.

"அண்ணை, நீங்கள் ஆர்? எங்கையிருந்து வாறியள்?"

அவர் எழும்பி நின்றுவிட்டார். "நான் தவிசாளரின்ரை தங்கச்சியைக் கட்டின மனிசன், டீச்சர். தன்னை நக்கலடிக்கினமோ எண்டு பாக்கச் சொல்லி விட்டவர். உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

பெண்களிடம் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. "தவிசாளரின்ரை ஆள் எண்டால் சி.ஐ.டி. இல்லையெண்டு ஆர் சொன்னது?" என்றாள் ஒருத்தி. வராமல் நின்றவளின் வீட்டுக்குப் போனோம். நாங்கள் சொன்ன எல்லாவற்றையும் அவள் கேட்டாள். பிறகு, "எங்கடை பயத்தை வைச்சே எங்களை வெருட்டியிருக்கிறார். அந்த மண்டபம் எங்களுக்கு வேண்டாம்" என்றாள்.

விசுவமடுவில் ஒரு விளையாட்டுத் திடலில் முழு நாடகத்தையும் போட்டோம். அவள்தான் மாலை போட்டாள். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. மண்டபத் தொடக்க விழாவில் வெளியூர்க் குழு ஒன்று நடனம் ஆடியதாம். அதற்குப் பிறகு தவிசாளர் என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்ப்பார், விழாக்களுக்கும் அழைப்பில்லை.

இப்போது கொக்கிளாய்ப் பக்கத்திலிருந்து யாரோ அதே நாடகத்தைக் கேட்டிருக்கிறார்கள். போக விருப்பம்தான். கேட்டது யார், ஏன் கேட்டார்கள் என்று முதலில் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.