வா என்று சொல்லாத ஞாயிறு

1997ஆம் வருஷம், ஆடி மாதம். ஒக்கலிபுரத்தில் அக்கா வீட்டுக் கதவோரம் உட்கார்ந்து பெருமாள்சாமி முகம் மழித்துக்கொண்டிருந்தான். உள்ளே அக்கா சரளா அவன் மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, தண்ணி" என்றது குழந்தை.

சரளா தண்ணீர் கொடுத்தாள். 'அத்தைன்னு சொல்லு' என்று திருத்தவில்லை. பெருமாள்சாமியின் ரேசர் தாடையிலேயே நின்றுவிட்டது.

யசோதராவுக்கு இரண்டரை வயது. அவளைப் பெற்ற ரூபினி, மத்தியப் பிரதேசத்தில் ஒரு முகாமில், ரிசர்வ் போலீஸ் பெண்கள் படையில் சேர்ந்து பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள். சித்திரையில் ரயில் ஏறியவள். பயிற்சி முடியும்வரை லீவு கிடையாது.

அனுப்பிவைத்ததே பெருமாள்சாமிதான். வேலை பார்த்த மில் மூடியதிலிருந்து அவனுக்கு நிரந்தர வேலை இல்லை. சிவாஜிநகரில் பழைய வண்டிச் சாமான் கடையில் துரு ஏறிய நட்டு கழற்றிக்கொண்டிருந்தான். ரூபினி பள்ளிக்கூட நாளில் ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்தவள். ஆளெடுப்பு விளம்பரத்தைக் காட்டி மனு போடச் சொன்னான். விடிந்தும் விடியாமலும் மைதானத்தில், குழந்தையைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு, "இன்னும் ஒரு ரவுண்டு, ரூபி" என்று அவளை விரட்டினான். அவள் தேர்வானபோது தெரு முழுக்க ஸ்வீட் கொடுத்தான்.

அவள் போன மறுவாரமே வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அக்கா வீட்டுக்கு வந்தான். சரளா புருஷனை இழந்தவள், பிள்ளை இல்லை, ஜாக்கெட் தைத்துப் பிழைத்தாள். அவள் பார்த்துக்கொள்ளாவிட்டால் அவனால் கடைக்குப் போக முடியாது. அதனால்தான் குழந்தை அம்மா என்று கூப்பிட்ட அந்தக் காலையில் அவளை ஒரு வார்த்தை கேட்கவும் முடியவில்லை. நுரையைத் துடைத்துக்கொண்டு எழுந்து பஸ் பிடிக்கப் போனான். கடையில் வழக்கமான கிண்டல் காத்திருந்தது.

"இன்னா பெருமாளு, அங்க பொண்டாட்டி துப்பாக்கி புடிக்குது, இங்க நீ ஸ்பானர் புடிக்கிறியா?"

சிரித்து வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவிந்தப்பாவின் டெலிபோன் பூத்துக்கு ரூபினியின் போன் வரும். கோவிந்தப்பா கன்னடக்காரர். தெருமுனையிலிருந்தே கத்துவார்: "பெருமாளு, பேக பா! சீக்கிரம்! வீட்டம்மா லைன்ல இருக்காங்க!"

வாரா வாரம் அவன் எல்லாம் நன்றாக இருப்பதாகவே சொன்னான். குழந்தைக்கு அம்மை போட்டதைச் சொல்லவில்லை. அது சரளாவை எப்படிக் கூப்பிடுகிறது என்பதையும் சொல்லவில்லை. ரிசீவரைக் காதில் வைத்தால் யசோ வாய் திறக்கமாட்டாள். கையை உதறிக்கொண்டு சரளாவிடம் தாவிவிடுவாள்.

"தூக்கக் கலக்கம்" என்று சமாளிப்பான்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு, ரூபினியின் குரலே வேறாக இருந்தது.

"கால் எலும்புல விரிசலாம். எல்லாரும் கிரவுண்டுக்குப் போறாங்க, நான் மட்டும் தனியா கெடக்கறேன். யசோ மொகம் கூட சரியா ஞாபகம் வரலிங்க. நான் வந்துடட்டுமா? இப்ப எழுதிக் குடுத்தா வுட்ருவாங்க. நீங்க 'வா'ன்னு சொன்னா போதும்."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள். சரளா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு சொல் அவன் நாக்கில்தான் இருந்தது. வந்தால் எதைத் தின்பது? வராதே என்று சொன்னால் அவன் என்ன மனுஷன்?

"டாக்டர் இன்னா சொல்றாரு?" என்றான்.

"அதான் சொன்னனே."

"கொழந்த நல்லா இருக்கா."

"நான் அத கேக்கலிங்க."

அவன் ஒயரை விரலில் சுற்றிக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரம் அவள் மூச்சு கேட்டது. பிறகு லைன் போய்விட்டது.

வீட்டுக்கு வரும் வழியில் சரளா கேட்டாள்: "வரச் சொல்லிட்டியா?"

அவள் குரலில் இருந்த பயத்தைக் கேட்டதும் அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நீ மொதல்ல அதுக்கு அத்தைன்னு சொல்லிக் குடு, அக்கா!"

"நானாடா அம்மான்னு கூப்டச் சொன்னேன்? அதுவா கூப்ட்டுச்சு." சரளா நடுத்தெருவில் நின்றுவிட்டாள். "இந்த வயசு வரைக்கும் என்ன யாருடா அப்டி கூப்ட்டாங்க?"

அவன் முன்னால் நடந்தான்.

அந்த வாரம் முழுக்க யோசித்தான். மூட்டை தூக்கியாவது சமாளித்துக்கொள்ளலாம், வந்துவிடச் சொல்லலாம் என்று முடிவு செய்தான். அடுத்த ஞாயிறு கோவிந்தப்பா கத்துவதற்கு முன்பே பூத்தில் போய் நின்றான்.

போனை எடுத்ததும் ரூபினியே முந்திக்கொண்டாள். "வலி கொறஞ்சிடுச்சு. அடுத்த மாசம் கிரவுண்டுக்கு வரலாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. நல்லவேள, அன்னிக்கி நீங்க ஒண்ணும் சொல்லல. 'வா'ன்னிருந்தா வந்திருப்பேன். எம்மாம் தைரியம் உங்களுக்கு!"

"ஆமா" என்றான்.

பங்குனியில் பயிற்சி முடிந்து ஒரு மாத லீவில் அவள் வந்து சேர்ந்தாள். கறுத்து, ஒட்ட வெட்டிய முடியோடு இருந்தாள். யசோதரா சரளாவின் சேலைக்குள் ஒளிந்துகொண்டு, "அம்மா, இந்த ஆன்ட்டி யாரு?" என்றாள்.

ரூபினி சிரித்தாள். பிறகு குழாயடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினாள்.

மத்தியானம் சரளா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேண்டுமென்றே வெளியே போனாள்.

"எப்பத்திலேர்ந்து?" என்று கேட்டாள் ரூபினி.

"ஆடிலேர்ந்து."

"வாரா வாரம் பேசினமே?"

"அன்னிக்கி போன்ல நான் தைரியத்துல சும்மா இருக்கல, ரூபி. வான்னு சொல்ல பயம். வராதன்னு சொல்ல மனசு வரல. அடுத்த வாரம் வான்னு சொல்லலாம்னுதான் பூத்துக்கு வந்தேன். அதுக்குள்ள நீ தைரியம்னுட்ட."

அவள் யூனிபாரத்தை மடித்துக்கொண்டே இருந்தாள். "எங்க வூட்டுக்காரர் மாதிரி உறுதியான ஆளு கெடையாதுன்னு அங்க எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவனுக்கு வலித்தது.

லீவு முடியும் தறுவாயில் குழந்தை ரூபினியிடம் தலைவார உட்கார்ந்தது. அதற்குள் அவளுக்கு அஸ்ஸாமுக்குப் போக உத்தரவு வந்துவிட்டது.

ரயில் கிளம்பும் முன் ஜன்னல் வழியே ரூபினி சொன்னாள்: "குடும்ப குவார்ட்டர்ஸ் குடுத்தா உங்க ரெண்டு பேரையும் கூட்டிக்கிறேன்."

பக்கத்தில் சரளா குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள். அந்த 'ரெண்டு பேர்' அவள் காதிலும் விழுந்தது. பெருமாள்சாமி அக்காவைப் பார்க்காமல், ரூபினிக்குச் சரி என்று தலையாட்டினான்.